இருமிவிட்டு உள்ளே வருகிறவன்

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு அறைக்குள் நுழையும்போது அவன் இரும மறந்துவிட்டான்.

ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், அக்குளில் நனைந்த குடை. கதவைத் தோளால் தள்ளித்தான் திறக்க முடிந்தது. அந்த அவசரத்தில் தொண்டையைச் செருமுவதற்கு நேரமில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ரிசப்ஷன் பெண்ணின் கீச்சுக்குரல், நர்ஸம்மாவின் வயிற்றிலிருந்து குலுங்கி வரும் சிரிப்பு, நடுவே துடைத்துப் பெருக்குகிற அம்மா "போதும்டி, புரையேறிடப் போகுது" என்று சொல்வது. கதவு திறந்தது. சத்தம் நின்றது.

நின்றதில் ஒன்றும் புதுமை இல்லை. அவன் போனால் பேச்சு நிற்பது அவனுக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக நடப்பதுதான். நின்ற விதம்தான் புதிது. மனிதர்களின் சிரிப்பு அப்படி நிற்காது. வடியும். கடைசியில் ஒரு மூச்சு இழுப்பு, ஒரு விக்கல், கண்ணோரத்தைத் துடைத்துக்கொள்ளும் ஒரு விரல் மிச்சமிருக்கும். இது, காது சோதிக்கிற அவன் மெஷினில் பட்டனிலிருந்து விரலை எடுத்தால் சத்தம் அறுந்து போகுமே, அப்படி அறுந்தது.

"வாங்க சார், உக்காருங்க" என்றாள் நர்ஸம்மா.

உட்கார்ந்தான். மூன்று முகங்களையும் ஓரக்கண்ணால் பார்த்தான். ஒருத்திக்கும் கன்னம் சிவந்திருக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. ரிசப்ஷன் பெண் அப்போதுதான் ஸ்பூனை எடுத்தாள். அவள் டப்பாவில் சாதம் ஒரு பருக்கை கலையாமல், ஓரமெல்லாம் காய்ந்து கிடந்தது. பெருக்குகிற அம்மாவின் டீயில் தடிமனாக ஆடை படிந்திருந்தது.

"மழை விட்டுடுச்சா சார்?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"விட்டுடுச்சு" என்றான். அதற்குமேல் அவனிடம் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

அவன் வேலை, காது மருத்துவமனையில் காது கேட்கும் அளவைச் சோதிப்பது. சத்தம் புகாத ஒரு சின்ன அறை, எல்லாரும் அதைப் பெட்டி என்பார்கள். நோயாளியை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, தடித்த கதவைச் சாத்திவிட்டு, அவன் வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வான். மெல்லிய ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவான். கேட்டால் உள்ளே இருப்பவர் கையைத் தூக்கவேண்டும். பேச்சே தேவையில்லாத வேலை. அது அவனுக்குப் பிடித்திருந்தது. அங்கே அவனுக்கு 'மியூட்' என்று பெயர். காதுபட யாரும் சொன்னதில்லை. காதுக்கே வைத்தியம் பார்க்கிற இடத்தில் அவன் காதுக்கு அது எட்டாது என்று எப்படி நினைத்தார்களோ.

இருமுகிற பழக்கம் சின்ன வயதில் வந்தது. பள்ளி விட்டு வருவான். பக்கத்து வீட்டுப் பெண்கள் சமையலறையில் அம்மாவோடு கொட்டமடித்துக்கொண்டிருப்பார்கள். இவன் தலை தெரிந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். "பூனை மாதிரி வந்து நிக்காதடா, ஒரு சத்தம் குடுத்துட்டு வா" என்று அம்மா ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். வகுப்பறைக்கு, விடுதி அறைக்கு, அப்பாவின் உடல் கிடந்த கூடத்துக்குக்கூட. அவர்கள் நிறுத்திக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டு உள்ளே போனால், நிறுத்தியதைப் பார்க்கிற வலி கொஞ்சம் குறைவு.

யாரும் அவனை அடித்ததில்லை, திட்டியதில்லை. விரட்டியிருந்தால்கூடக் காரணம் கேட்டிருக்கலாம். எல்லாரும் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணும் நல்லபடியாகத்தான் சொல்லியனுப்பினாள். "நல்லவர்தான். ஆனா பக்கத்துல உக்காந்திருக்கும்போது யாருமே இல்லாத மாதிரி இருக்கு." அக்கா அதை அவனிடம் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் அப்போது கதவுக்கு வெளியே, இருமலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான்.

மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஏதோ ஒரு வெதுவெதுப்பான வாழ்க்கை நடக்கிறது, அதில் தன்னைத் தவிர எல்லாரும் இருக்கிறார்கள், தான் கதவைத் திறந்ததும் அது அணைந்துவிடுகிறது. இப்படித்தான் அவன் நாற்பது வயதைக் கடந்திருந்தான். அது அங்கே இருக்கிறது என்பதாவது ஆறுதலாக இருந்தது.

அந்த மதியத்துக்குச் சில நாள் கழித்து ஹெட்போனில் ஒரு ஒயர் லூஸாகிவிட்டது. நோயாளிகள் குறைவான நேரம் பார்த்து, சரிசெய்யப் பெட்டிக்குள் போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே விளக்கைப் போடவில்லை. கண்ணாடி வழியாக வந்த வெளிச்சமே போதுமாக இருந்தது.

அந்த அறைக்குள் இருக்கிற அமைதி வேறு எங்கும் கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் தன் இரத்தம் காதுக்குள் ஓடுவது கேட்கும், எச்சில் விழுங்குவது கேட்கும், கண் இமைத்தால் அதுகூட ஒரு ஈரமான சின்னச் சத்தமாகக் கேட்கும். ரப்பர் வாசனையும் யார் யாருடையதோ தலை எண்ணெய் வாசனையும் கலந்து மூக்கில் ஏற, அவன் மண்டியிட்டு ஒயரைத் திருகிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முன்கூடம் முழுக்கத் தெரிந்தது. ரிசப்ஷன் மேஜை. மருந்து அலமாரி. காத்திருக்கிறவர்களின் நாற்காலிகள்.

ரிசப்ஷன் பெண் போனைக் காதுக்குப் பாதி தூரம் தூக்கியிருந்தாள்.

கை அங்கேயே இருந்தது.

நர்ஸம்மா ஒரு காலை முன்னே வைத்து, பின்னங்காலின் குதிகாலைத் தூக்கியபடி நின்றிருந்தாள். நாற்காலியில் இருந்த பெரியவர் வாயை மூடிய கைக்குட்டையோடு. அவர் பக்கத்தில் ஒரு தாய், குழந்தையின் சட்டைப் பொத்தானில் விரலோடு. யாரும் அசையவில்லை. குழந்தையும் அசையவில்லை. மேலே மின்விசிறி சுற்றியது. ரிசப்ஷன் பெண்ணின் முடிக்கற்றை ஒன்று காற்றில் எழும்பி அவள் திறந்த கண்ணில் படிந்தது. அவள் இமைக்கவில்லை.

ஏதோ விளையாட்டு என்று நினைத்தான். நினைக்க முயன்றான்.

வெளியே அவன் மேஜையில் ஒரு மைக் உண்டு, உள்ளே இருப்பவரிடம் பேசுவதற்கு. அதை அணைக்காமல் வந்திருந்தான். ஒயர் சரியாகிவிட்டதா என்று பார்ப்பதுபோல ஹெட்போனைக் காதில் வைத்தான்.

சிரிப்பு. "அய்யோ, அப்புறம் என்ன சொன்னா?" ரிசப்ஷன் பெண்ணின் குரல். போன் மணி. நர்ஸம்மாவின் செருப்பு சரக் சரக்கென்று நடக்கிறது. பெரியவர் தும்முகிறார். குழந்தை சிணுங்குகிறது. தாய் அதட்டுகிறாள். ஒரு மருத்துவமனையின் சுறுசுறுப்பான மதியம் முழுக்க அவன் காதில் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு உதடும் அசையவில்லை.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தானோ. பின்னால் நகர்ந்தபோது முழங்கை சுவரில் இடித்து, விளக்கு சுவிட்ச் அமுங்கியது. பெட்டிக்குள் வெளிச்சம் வந்தது.

போன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. குதிகால் தரையைத் தொட்டது. குழந்தை காலை உதைத்தது.

வெளியே வந்தான். ரிசப்ஷன் பெண் சிரித்தாள். "உள்ளதான் இருந்தீங்களா சார்? டீ குடிக்கப் போயிட்டீங்கன்னு நெனச்சுட்டோம்."

அவள் கண்ணில் இன்னும் அந்த முடி ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டுக்கொண்டாள்.

யாரிடம் சொல்வது? அப்படி ஒரு ஆள் வேண்டுமே. இருந்தது அக்கா மட்டும்தான். அம்மா போனபிறகு அக்கா அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முன்பக்கம் அக்கா, அத்தான், அவர்கள் மகள் பாப்பா. பின்பக்கம் தனி வாசலோடு ஒரு அறை, அது இவனுக்கு. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, முன்பக்கக் கூடத்தின் கதவருகே நின்று இருமுவான். உள்ளே சிரிப்பு நிற்கும். "வாடா, சாப்பிடலாம்" என்பாள் அக்கா. அந்தக் குரலில் குறையே சொல்ல முடியாது.

அன்று வெயில் இறங்குவதற்கு முன்பே வந்துவிட்டான். அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். உள்ளே மூவரும் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. பாப்பா ஏதோ கதை சொல்கிறாள், அத்தான் கிண்டல் செய்கிறார், அக்கா "அவளைச் சொல்ல விடுங்களேன்" என்கிறாள். கேட்கவே நெஞ்சு நிறைந்தது. இவர்கள் அப்படி இல்லை. இவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது. கண்ணை வைத்தான்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கைகள். மூடிய வாய்கள். கதவைப் பார்த்தபடி.

சிரிப்பு அறை முழுக்க இருந்தது. சுவரில், தட்டுகளில், ஜன்னல் கம்பியில். அவர்களிடம் மட்டும் இல்லை.

அப்போது பாப்பாவின் கண் மட்டும் நகர்ந்தது. மெதுவாக. கதவிடுக்குக்கு வந்தது. அவன் கண்ணில் நின்றது.

எப்படிப் பின்னால் போனான் என்று தெரியாது. வாசலுக்கு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்ப நடந்து வந்து, இருமினான். தொண்டை கிழிவதுபோல இருமினான்.

"வாடா. என்ன இன்னைக்கு இருமல் பலமா இருக்கு? கஷாயம் வெச்சுத் தரவா?" என்றாள் அக்கா.

சாப்பிட்டு முடித்து அறைக்குத் திரும்பியதும் பாப்பா பின்னாலேயே வந்தாள். இரண்டாவது படிக்கிறவள், முன்பல் விழுந்த வாய். அவன் கட்டிலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

"மாமா, நீங்க பாத்துட்டீங்கல்ல?"

அவன் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. அம்மாவும் அப்பாவும் உங்களைப் பாக்கல. நான் மட்டும்தான் பாத்தேன்."

"சொன்னா என்ன ஆகும் பாப்பா?"

"நிறுத்திடுவாங்க."

"எதை?"

அவள் யோசித்தாள். கணக்குப் பாடத்தில் விடை தெரியாதபோது யோசிப்பாளே, அப்படி நாக்கை ஓட்டைப் பல்லில் வைத்துக்கொண்டு. "எல்லாத்தையும்தான்" என்றாள். பிறகு இறங்கி ஓடிவிட்டாள்.

அதற்குப்பின் அவன் கவனமாக இருந்தான். எந்தக் கதவானாலும் இருமினான். ஒருமுறை போதாது என்று இரண்டு முறை இருமினான், நின்று நிதானித்துத் திறந்தான். மருத்துவமனையில் பெட்டிக்குள் போவதாக இருந்தால் "உள்ள போறேன்" என்று உரக்கச் சொல்லி, விளக்கைப் போட்டுவிட்டுப் போனான். தெருவில் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பின்னால் கேட்கிற காலடிகள், பைக் ஹாரன், பழம் விற்கிறவரின் கூவல் எல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. கேட்பது வேறு, நடப்பது வேறு என்று இப்போது தெரிந்திருந்தது. கழுத்து விறைத்து வலித்தது.

அவனை ஒரு நினைப்புதான் அரித்தது. இத்தனை வருடம் தான் ஏங்கிக்கிடந்த அந்த வெதுவெதுப்பு எங்கே? கதவுக்குப் பின்னால் அது இல்லையென்றால், தன்னிடம் இல்லாதது எது? தன்னைத் தவிர எல்லாருக்கும் கிடைத்ததாக நினைத்தது எது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாய்ந்து கூடம் முழுக்க மஞ்சளாக இருந்த நேரம். நால்வரும் சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தான் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினார். "என்ன மாப்ள, ஆளே இளைச்சுட்டீங்க? டாக்டர்கிட்ட போலாமா?"

"வேணாம் அத்தான். ஒண்ணுமில்ல."

அக்கா அவன் தட்டில் பரிமாறினாள். பரிமாறிய கையாலேயே அவன் தலையைத் தொட்டாள். அப்படித் தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"என்னடா இருக்கு மனசுல? எதுவா இருந்தாலும் சொல்லு. உனக்குன்னு நாங்க இருக்கோம்ல?"

இந்த ஒரு வார்த்தைக்காக அவன் எத்தனை கதவுகளுக்கு வெளியே நின்றிருப்பான். அது வந்தேவிட்டது. எதிரே பாப்பா சோற்றுக் கையோடு அவனையே பார்த்தாள். வேண்டாம் என்று மிக லேசாகத் தலையசைத்தாள். அவனும் வேண்டாம் என்றுதான் நினைத்தான். ஆனால் தலைமேல் அந்தக் கை இருந்தது. அது நிஜமா என்று தெரிந்துகொள்ளாமல் இன்னொரு வாய் சோறு இறங்காது.

"அக்கா, நான் இல்லாதப்போ நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க?"

அக்காவின் கை அவன் தலையிலேயே இருந்தது.

"பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. அழவுமில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தூரத்திலிருந்து சுமந்துகொண்டு வந்த பாரத்தை இறக்கிவைக்க இடம் கிடைத்தவள் விடுகிற மூச்சு. அத்தானைப் பார்த்தாள். அவர் முகமும் தளர்ந்தது.

"அப்போ போதுங்க" என்றாள் அக்கா.

"போதும்" என்றார் அத்தான்.

"அக்கா, நான் தப்பா கேட்டுட்டேன். கேட்கல. நான் கேட்கவே இல்ல, விடு."

"நீ ஒரு தப்பும் பண்ணலடா" என்றாள் அக்கா, அவ்வளவு பிரியமாக. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நின்றுவிட்டாள்.

அத்தான் வாயில் பாதி மென்ற சோறு. தாடை நின்றிருந்தது.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்த சத்தம். அறுந்தது. பக்கத்து வீட்டு டிவி. அறுந்தது. காக்கை. யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். ஒவ்வொன்றாக, பட்டனிலிருந்து விரலை எடுப்பதுபோல. பெட்டிக்குள் மட்டுமே அவன் கேட்டிருந்த அமைதி கூடத்துக்குள் வந்தது. ஜன்னல் வழியே தெரு தெரிந்தது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தார்கள், அவ்வளவுதான்.

"அக்கா." தோளை உலுக்கினான். உடல் சூடாக இருந்தது. உலுக்கிய அளவுக்கு அசைந்து, நின்றது.

நாற்காலி நகரும் சத்தம். பாப்பா இறங்கினாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். நுனிக்காலில் எம்பி, இரண்டு விரலால் அவள் இமைகளை மெல்ல இழுத்து மூடினாள். பிறகு அப்பாவுக்கு.

"தொறந்தே இருந்தா கண்ணு காஞ்சுடும் மாமா" என்றாள்.

"பாப்பா. நீ இருக்கியே. நீ இருக்கேல்ல?" அவன் தரையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் இரு. எதுவும் பேசவேணாம். சும்மா என் கூட இரு. கொஞ்ச நாள்."

அவள் அவனைப் பாவமாகப் பார்த்தாள்.

"எனக்கும் அசதியா இருக்கு மாமா."

கையை விடுவித்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் ஏறினாள். பாவாடையைச் சரிசெய்தாள். கைகளை மடியில் வைத்தாள்.

"என் கண்ணை என்னால மூடிக்க முடியாது. நீங்க மூடி விட்டுடுங்க" என்றாள்.

நின்றாள்.

அவள் கண்கள் திறந்திருந்தன. அவை எதிர்ப்பக்கம், மேஜைக்கு அந்தப் புறம், அவனுடைய காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் எழுந்து அவள் அருகே போனான். கையை நீட்டினான். இமைமயிர் விரலில் பட்டது.

மூடினால் தன்னைப் பார்க்க யாருமே இல்லை.

கையை இழுத்துக்கொண்டான். மேஜையைச் சுற்றிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தான். இன்னும் கொஞ்சம். இப்போது அவள் பார்வை நேராக அவன்மேல் விழுந்தது.

மஞ்சள் வெயில் அந்தச் சின்ன முகத்தில் இருந்தது. மூடிவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே, அவனையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களில், ஈரம் மெதுவாக, ஓரத்திலிருந்து, காயத் தொடங்கியது.